சண்டை விமானமும் என் மனைவியின் விரலும்

என் இரண்டு கண்களிலும் மேல்பக்கத்துப் பார்வை ஒரு பட்டை அளவுக்குப் போய்விட்டது. நேரே தெரிகிறது, கீழே தெரிகிறது, பக்கவாட்டில் தெரிகிறது. நேராகப் பார்க்கும்போது மேலே கொஞ்ச தூரத்தில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. எப்போது போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போய்விட்டது என்று எப்போது தெரிந்தது என்பதைச் சொல்ல முடியும். ஒரு சனிக்கிழமை மதியம், பாயான் பாருவில் எங்கள் பிளாட்டில், கணினியில் சண்டை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோது.

விமான விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். விடுமுறை நாளில் மற்றவர்கள் மீன் பிடிக்கப் போவார்கள், பேட்மிண்டன் ஆடுவார்கள். நான் சிமுலேட்டர் முன்னால் உட்காருவேன். பெரிய மானிட்டர், மேசையில் திருகி இறுக்கிய ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு மிதிகள், தொப்பியில் ஒட்டிய ஒரு சின்னக் கருவி. தலையைத் திருப்பினால் திரையில் விமானி தலையைத் திருப்புவான். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, இதைப் பார்த்துவிட்டு முதல் நாளே எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "மாமாவுக்கு வயசாக வயசாக பொம்மையும் பெருசாகுதுலா."

அவன் கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில் வேலை செய்கிறான். சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னை வம்புக்கு இழுப்பது அவன் வழக்கம். சினிமாப் பைத்தியம். விமானச் சண்டை வரும் படம் எது வந்தாலும் முதல் நாள் போய்விடுவான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். சிமுலேட்டர்தான் என்னைக் கெடுத்தது.

கெடுத்தது என்பது சாதாரண வார்த்தை. முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் பார்த்தது என்ன? இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். இந்த விமானி அந்த விமானியின் முகத்தைப் பார்ப்பான், பல்லைக் கடிப்பான், நறுக்கென்று ஒரு வசனம் பேசுவான். அந்த நினைப்பில் நான் மேலே ஏறினேன். வானம் காலியாக இருந்தது. யாரையும் காணோமே என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் விமானம் தீப்பிடித்து விழுந்தது. சுட்டவன் எங்கிருந்து வந்தான் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போனேன், திரும்பத் திரும்பச் செத்தேன். பிறகுதான் புரிந்தது, எதிரி என்பவன் முகமும் இறக்கையும் உள்ளவன் இல்லை. ஒரு புள்ளி. கண்ணாடியில் ஒட்டிய தூசு அளவு. அந்தத் தூசைக் கண்ணில் வைத்துக்கொண்டே இருக்கிறவன் பிழைப்பான், ஒரு நொடி விட்டவன் காலி.

இரண்டாவது அதிர்ச்சி வேகத்தில் வந்தது. படத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் எதிரி துரத்திக்கொண்டு வருவான். கதாநாயகன் சட்டென்று பிரேக் போடுவான், எதிரி தலைக்கு மேலே பாய்ந்து முன்னால் போய்விடுவான், கதாநாயகன் சுட்டுத் தள்ளுவான். திரையரங்கில் நானே கை தட்டியிருக்கிறேன். சிமுலேட்டரில் அதைச் செய்தேன். வேகம் போனதும் விமானம் செத்த மீன்போல் வானத்தில் தொங்கியது. எதிரி என் பக்கமே பாயவில்லை. நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நின்ற இடத்தில் என்னைச் சுட்டான். அவனோடு சேர்ந்து வந்தவன் சுட்டதும் உண்டு; படத்தில் இந்த இரண்டாமவன் மட்டும் எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

கடுமையாகத் திருப்பினால் உடம்பின் எடை பல மடங்காகும், ரத்தம் தலையை விட்டு இறங்கும். அதைக் காட்ட சிமுலேட்டர் திரையின் ஓரங்களைக் கறுப்பாக்கும். வட்டம் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு காசு அளவு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். விமானி மூச்சை அடக்கி முக்கும் சத்தம் கேட்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றுவிட்டது. பார்வை போவது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது. இருட்டு ஓரத்திலிருந்து வரும், வருவது தெரியும் என்று நம்பினேன்.

"படத்துல ஒன்பது மடங்கு எடையோட திரும்புறான், அப்பவும் பொண்டாட்டிய பத்திப் பேசுறான்" என்று நான் எரிந்து விழுவேன்.

"படம்னா படம்லா மாமா. மூஞ்சி தெரியலன்னா யாரு டிக்கெட் வாங்குவா? நீங்க ஒரு புள்ளிய ரெண்டு மணி நேரம் காட்டுங்க, நான் பாப்கார்ன்கூட வாங்க மாட்டேன்."

இப்படியே சில வருடங்கள். பழகப் பழக நான் தேறிவிட்டேன். புள்ளியைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வானத்தை அப்படியே வெறித்துப் பார்க்கக் கூடாது. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணைக் கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததுக்குப் போக வேண்டும். இதில் நான் கில்லாடி. இணையத்தில் எங்கள் பறக்கும் குழுவில் புள்ளியை முதலில் சொல்கிறவன் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

பிறகு புள்ளிகள் மறைய ஆரம்பித்தன.

எதிரி மேலே இருப்பான். எனக்கு நன்றாகத் தெரியும். வேகம் எவ்வளவு என்று பார்க்கத் திரையின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்ப்பேன். மேலே வானம் சுத்தமாக இருக்கும், புள்ளி இருக்காது. பதறிப்போய்க் கண்ணை மேலே கொண்டுபோனால் எங்கிருந்தோ முளைத்து நிற்கும். சில நேரம் அதற்குள் என்னைச் சுட்டிருப்பான். முதலில் என்றைக்கோ ஒருநாள் நடந்தது, பிறகு அடிக்கடி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விளையாட்டைச் செய்தவர்களை வாயில் வந்தபடி திட்டினேன்.

எங்கள் சோதனைப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பலகை பழுது என்று இயந்திரம் சொன்னால் உடனே பலகையை ஒதுக்க மாட்டோம். இன்னொரு முறை சோதிப்போம். இயந்திரத்தின் ஊசிகளைத் துடைப்போம், கேபிளை மாற்றுவோம், நிரலைப் பார்ப்போம். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக இப்படியே யோசித்துப் பழகிய மூளை என்னுடையது. ஆகவே அதே முறையில் இறங்கினேன். கேபிளை மாற்றினேன். மானிட்டரை மாற்றினேன். படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கிராபிக்ஸ் கார்டையும் மாற்றியபோது மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பார்க்கிறவனைச் சோதிக்கும் கட்டம் எங்கள் முறையில் இல்லை.

இணையக் குழுவில் எழுதினேன். அங்கே எனக்குக் கிடைத்த ஆதரவைப் பார்க்க வேண்டுமே! எங்களைப் போன்றவர்கள் மத்தியில் இது ஒரு தீராத சண்டை. மானிட்டர் பெரிதானால் புள்ளி தேய்கிறது என்று ஒரு கட்சி, மேகத்துக்கு முன்னால் வந்தால் கரைந்துபோகிறது என்று இன்னொரு கட்சி. "எனக்கும் அப்படித்தான்" என்று வரிசையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னது அவர்களுக்கு உண்மைதான். நான் அந்தக் கூட்டத்துக்குள் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

இடையில் ஒருநாள் பின்பக்க ஜன்னலில் நின்றுகொண்டிருந்தோம், நானும் மகளும். நிஜமான போர் விமானம் ஒன்று கடல்பக்கம் போகும் சத்தம் கேட்டது. அக்கரையில் பட்டர்வொர்த்தில் விமானத் தளம் இருப்பதால் எங்களுக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டில் யார் முதலில் விமானத்தைக் கண்டுபிடிப்பது என்று ஒரு போட்டியே உண்டு. எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். அன்று எனக்குக் கிடைக்கவே இல்லை. "தோ இருக்குப்பா, மேல, மேல" என்று மகள் கத்தினாள். நான் அவளுக்கு ஒலி பின்தங்கி வருவதைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். சண்டை முடிந்த பிறகு நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க சிமுலேட்டரில் வசதி இருக்கிறது. புள்ளி மறைகிற இடத்தைக் கையும் களவுமாகப் பிடித்து, கைபேசியில் படம் எடுத்து, குழுவில் போட்டு, விளையாட்டைச் செய்தவர்களின் மானத்தை வாங்குவதாகத் திட்டம். சாட்சிக்கு மைத்துனன் ஸ்டூலில் தயாராக இருந்தான். சமையலறையிலிருந்து மனைவியையும் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இப்ப பாரு. மேல ஒரு புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"நான் கீழ ஸ்பீடைப் பாக்குறேன். இப்ப... போச்சு! பாத்தியா?"

"எங்கங்க போச்சு? அங்கதான இருக்கு."

"இப்ப திரும்ப வந்துருச்சு."

"போகவே இல்லையேங்க."

மைத்துனன் சிரித்தான். "அக்கா, நீயும் பைலட் ஆயிடுலா. மாமாவ வீட்டுக்கு அனுப்பிடலாம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. காட்சியை அப்படியே நிறுத்தினேன். நீல வானம், அடியில் எண், மேலே கறுப்பாக ஒரு புள்ளி. எதுவும் அசையவில்லை. "எங்க இருக்குன்னு விரல வச்சுக் காட்டு" என்றேன். அவள் பக்கத்திலிருந்து கையை நீட்டி ஆள்காட்டி விரலைப் புள்ளிக்குக் கீழே வைத்தாள். நான் பார்த்தேன். புள்ளி இருந்தது, விரல் இருந்தது. பிறகு கண்ணை இறக்கி எண்ணைப் பார்த்தேன்.

புள்ளி போய்விட்டது. விரலும் போய்விட்டது.

மணிக்கட்டு வரை தெரிந்தது. கண்ணாடி வளையல் தெரிந்தது. அதற்குப் பிறகு நீல வானம்தான். கை வானத்துக்குள் கரைந்துபோய் முடிந்தது. நான் கண்ணை அசைக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "விரலை எடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"வச்சிருக்கேனே."

"ஆட்டு."

"ஆட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டில் கோளாறு இருந்தால் புள்ளி மறையலாம். மானிட்டரில் கோளாறு இருந்தாலும் மறையலாம். என் மனைவியின் விரல் எந்தக் கோளாறில் மறையும்? ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் எழுந்து வந்து ஸ்க்ரீனுக்கும் எனக்கும் நடுவில் குனிந்து என் கண்ணைப் பார்த்தான். "மாமா, டாக்டரப் பாக்கணும். சும்மா சொல்லல, உடனே பாக்கணும்" என்றான். அவன் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை கண் கிளினிக்குக்குப் போனோம். காடியை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு போனது நான்தான். இதை இப்போது எழுதும்போது என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது. மனைவி "நான் ஓட்டவா?" என்று கேட்டாள், நான் "சும்மா வா" என்றேன்.

அங்கே ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கிண்ணம்போல் ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் முகத்தை நுழைத்துத் தாடையை வைக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சப் புள்ளி மின்னும், மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான். விளக்கிச் சொல்லி முடித்ததும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. புள்ளி கண்டுபிடிப்பதா? யாரிடம் வந்து!

பழக்க தோஷத்தில் கட்டம் கட்டமாகத் தேட ஆரம்பித்தேன்.

"அண்ணே, கண்ண ஓட்டாதீங்க. நடுவுல மட்டும் பாருங்க."

"தேடுனாத்தானம்மா கெடைக்கும்?"

"தேடக் கூடாதுண்ணே. தேடுனா டெஸ்ட்டே தப்பாயிடும்."

சரி என்று மஞ்சள் விளக்கை மட்டும் பார்த்தேன். புள்ளிகள் வந்தன. டக், டக் என்று அமுக்கினேன், ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு புள்ளிகள் நின்றுவிட்டன. இயந்திரம் மட்டும் உள்ளே கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஏதோ சரிசெய்கிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். கொஞ்சம் கழித்துத் திரும்ப வந்தன, அமுக்கினேன். திரும்ப நின்றன. மற்றக் கண்ணிலும் அப்படியே. முடிந்து முகத்தை வெளியே எடுத்தபோது, "மெஷின் நடுநடுவுல நின்னுபோவுதேம்மா, ரிப்பேரா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நிக்கலண்ணே. நல்லாத்தான் ஓடுச்சு" என்றாள்.

நான் காத்திருந்த நேரமெல்லாம் புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அது புரிந்தபோது நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது; வலிக்காது, சிவக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். அச்சடித்த படத்தைக் காட்டினார். இரண்டு வட்டங்கள். இரண்டிலும் மேலே வில்போல் வளைந்த கறுப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பிடிக்கவில்லை.

"ஆனால் எனக்குக் கறுப்பாக எதுவும் தெரியவில்லையே?" என்றேன். பார்வை போனால் ஓரம் கறுக்கும், வட்டம் சுருங்கும். பல வருடமாக நான் திரையில் பார்த்துப் பார்த்து நம்பியது அதுதான்.

கறுப்பு இந்தக் காகிதத்தில் மட்டும்தான் என்றார் அவர். காணாத இடத்தில் மூளை சுற்றியிருப்பதை இழுத்து நிரப்பிவிடும். சுவர் இருந்தால் சுவர், வானம் இருந்தால் வானம். நீங்கள் அடிக்கடி கண்ணை ஓட்டித் தேடிப் பழகியவர் என்பதால் இன்னும் தாமதமாகத் தெரிந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் பெருமைப்பட்ட அந்தத் திறமைதான் இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறது. விமானச் சண்டையில் சினிமா பொய் சொல்கிறது என்று ஊரெல்லாம் சண்டை போட்டவன் நான். என் கண் சொன்ன பொய்யை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் அவர் கேட்டார், கார் ஓட்டுகிறீர்களா?

எனக்கு முந்திக்கொண்டு மனைவி, ஓட்டுகிறார் என்றாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து இன்னொரு சோதனை செய்ய வேண்டும், அதன் முடிவு வரும்வரை ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மனைவி கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் நேரம் ஆகியிருந்தது. நேராக அங்கே போனோம். மகள் பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறினாள்.

"ஏன்மா நீ ஓட்டுற? அப்பாவுக்கு என்ன?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் போன வேனின் நம்பர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் தேடக் கூடாது, நர்ஸ் சொன்னதுபோல் நேராக மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எனக்கு நானே சோதித்துக்கொண்டேன். வேன் ஒரு முனையில் இடது பக்கம் ஒதுங்கித் திரும்பியது. முன்னால் காலியான சாலை, சாலைக்கு அப்பால் கடைகள், கடைகளுக்கு மேலே தெளிவான வானம். கண்ணை அசைக்காமல் பார்த்தேன். எதுவும் குறையவில்லை. மனைவி காடியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெட் லைட்டுங்க" என்றாள்.

தலையை நிமிர்த்தினேன். கம்பத்திலிருந்து சாலைக்குக் குறுக்கே நீண்ட இரும்புக் கையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்வையைத் தாழ்த்தினேன். விளக்கு இல்லை, இரும்பு இல்லை, வானம் இருந்தது. குறுக்குச் சாலையிலிருந்து ஒரு லோரி எங்கள் முன்னால் வேகமாகக் கடந்து போனது.

பின்சீட்டில் மகள் கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். போன வெள்ளிக்கிழமை இதே நேரத்துக்கு அவளை இதே இடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இதே சந்திப்பை நான் நிற்காமல் கடந்து போனேன். அப்போது அந்த விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது.